சும்மா ஒரு சவாரி

"சைக்கிளிலா? மூன்று நாளா? இந்த வயதிலா?"

நாங்கள் சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும், எங்கள் அடுக்கு வீட்டில் குடியிருக்கும் அத்தனை பேரும் இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேட்டார்கள். நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். ஆகவே முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சைக்கிளில்தான். ஆமாம், மூன்று நாள். வயதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். என் மூத்த பிள்ளை காலேஜில் படிக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குச் சைக்கிள் விடத் தெரிந்து ஒரு வருஷந்தான் ஆகிறது. கற்றுக் கொடுத்தவர் என் நாத்தனார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. 1991-ஆம் வருஷம் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது, எழுத்தோடு கூடச் சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெண்களை அழைத்தார்கள் அல்லவா? அப்போது ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அங்கே கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் விடும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறியவர்கள் பலர். அக்காவும் அவர்களில் ஒருவர். பார் இருந்தால் நல்லதுதானாம். குழந்தையை அதில் உட்கார வைத்துக்கொள்ளலாமாம்!

நான் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டு மைதானத்தில் அக்கா ஸீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வர, நான் இரண்டு தொட்டிச் செடிகளையும் வாட்ச்மேனின் நாற்காலியையும் சாய்த்தேன். பத்தாம் நாள் நேராகப் போனேன். அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது, "அக்கா, நீங்கள் இத்தனை வருஷமாக சைக்கிள் விடுகிறீர்களே, அதிலேயே ரொம்ப ஜாலியாகப் போன இடம் எது?" என்று கேட்டேன்.

அக்கா சற்று யோசித்தார். "ஜாலியாவா? தண்ணிக்குப் போவேன். ரேஷனுக்குப் போவேன். புள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விடுவேன். நெல்லு மூட்டையை மில்லுக்குக் கொண்டு போவேன். சும்மா எங்கேம்மா போனேன்?" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேலாகச் சைக்கிள் விடுகிறவர் ஒரு தடவைகூடச் சும்மா போனதில்லை. அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பிரயாணத்துக்கு விதை. அக்காவைச் சும்மா ஓர் ஊருக்கு அழைத்துப் போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் கணவருக்கு எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்ய வேண்டும். தென்காசிப் பக்கம் போவதென்று தீர்மானமானதும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். தினம் 60 கிலோமீட்டர். பத்து நிமிஷம் அருவி. பதினைந்து நிமிஷம் கோயில். ரயில்வே கைடு தோற்றது!

அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆடி மாசம் போறோமே தம்பி, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"

அட்டவணையில் காற்றுக்குக் கட்டம் இல்லை. தென்காசிக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அந்த வாசல் வழியாகத்தான் இந்தப் பக்கம் பாய்கிறது. அதனால்தான் அங்கே மழையாக இல்லாமல் பூப்போன்ற சாரல். அதனால்தான் கிழக்கே போகப் போகக் காற்றாலைகள். சைக்கிள்காரருக்கோ, மேற்கே போனால் எதிர்க்காற்று, கிழக்கே போனால் முதுகில் தள்ளும் காற்று.

அக்கா ஒரு வழி சொன்னார். தெம்பு இருக்கும்போது, காற்று வலுக்காத விடியற்காலையில், காற்றை எதிர்த்துப் போக வேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டு வந்து விடும். 60 கிலோமீட்டர் 20 ஆகச் சுருங்கியது. அட்டவணைக்காரர் முகமும் கொஞ்சம் சுருங்கியது.

நீங்களும் போவதானால் இரண்டொரு விஷயம் சொல்கிறேன். சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்து அனுப்பலாம். ஹாண்டிலையும் பெடலையும் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பொழுது விடிந்ததும் தென்காசி. பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, மாற்றுத் துணி அவசியம். சாரலில் நனையாமல் ஒரு நாளும் வீடு திரும்ப மாட்டீர்கள். புடவையோ சல்வாரோ, செயினில் மாட்டாதபடி ஒரு ஊசி குத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இலஞ்சி வழியாகச் செங்கோட்டை. எட்டு கிலோமீட்டர்தான். இரண்டு பக்கமும் வயலும் தென்னந்தோப்பும். எதிரே மேகம் போர்த்திய மலை. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மலைக்கு மேலே நகர்ந்து எத்தனையோ காலமாகியும், பக்கத்துப் பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அக்கா சொன்னது போலவே காற்று எங்களை ஏறக்குறைய பெடல் மிதிக்காமலே தென்காசியில் கொண்டு சேர்த்தது.

இரண்டாம் நாள் குற்றாலம். பேரருவியில் வெள்ளம் அதிகமாக இருந்தால் குளிக்க விட மாட்டார்கள். எங்கள் அதிர்ஷ்டம், அன்று விட்டார்கள். அருவிக்கடியில் நின்றபோது யாரோ முதுகில் ஆயிரம் கைகளால் தட்டுவது போலிருந்தது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையையும் பார்த்தோம். சுவரெல்லாம் ஓவியம். அக்கா ஒவ்வொன்றின் முன்பும் நின்று கதை சொன்னார். பதினைந்து நிமிஷக் கட்டம் ஒன்றரை மணியாகிவிட்டது.

மூன்றாம் நாள் சுந்தரபாண்டியபுரம். 1992-இல் வந்த 'ரோஜா' படத்துக் கதாநாயகியின் ஊர் என்றால் உங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். ஊர் தென்காசிக்குக் கிழக்கே இருப்பதால் போகும்போது காற்று தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். திரும்புவதற்கு 'குட்டி யானை' என்கிறார்களே, அந்தச் சின்ன லாரி ஒன்றைப் பேசி வைக்கலாம் என்றார் அக்கா. "சைக்கிள் பிரயாணத்தில் லாரியா? அவமானம்!" என்றார் என் கணவர். "வண்டியில ஏத்துறதுல என்ன அவமானம் தம்பி? மூட்டையை ஏத்தலியா?" என்றார் அக்கா. குட்டி யானை ஏற்பாடாயிற்று.

அன்று நான் பின்னால் வந்தேன். இரண்டு பக்கமும் மஞ்சள் கடல். அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பலமாக ஒரு காற்று வீசியது. அக்காவின் சைக்கிள் ஒரு பக்கமாகத் தள்ளாடியது. விழுந்துவிடப் போகிறாரே என்று பதறி உற்றுப் பார்த்தேன்.

அவருடைய காரியரில் கோபுரம் மாதிரி சாமான். டிபன் காரியர், தண்ணீர்ப் பாட்டில்கள், மாற்றுத் துணி மூட்டை, என் கணவரின் காமிராப் பை, எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய கைப்பை! பழைய ட்யூபைக் கிழித்த ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார். என் சைக்கிளின் காரியர் காலி. அவர் தம்பியின் காரியரும் காலி.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாகத் தினமும் காலையில் அக்கா எடுத்துக் கட்டிக்கொண்டார். நாங்கள் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. அவரைச் சும்மா அழைத்துப் போகிறேன் என்று அத்தனை பேரிடமும் பெருமை அடித்துக்கொண்டவள் நான்!

"அக்கா, நில்லுங்கள்!" என்று கத்தினேன். இறங்கிப் போய் ஒவ்வொன்றாக அவிழ்த்து எங்கள் இரண்டு சைக்கிளிலும் கட்டினேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் காமிராப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வெறும் காரியரா? என்னமோ மாதிரி இருக்குமேம்மா" என்றார் அக்கா.

"போய்த்தான் பாருங்களேன்" என்றேன்.

ஏறினார். முதலில் சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது; பாரமில்லாமல் விட்டுப் பழக்கமில்லை போலிருக்கிறது. பிறகு காற்று பிடித்துக்கொண்டது. அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டார். புடவைத் தலைப்பு முன்னால் பறக்க, சூரியகாந்திகளுக்கு நடுவே போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். ஊருக்குத் திரும்பும் கிளைப் பாதையையும் தாண்டிவிட்டார்.

"அக்கா எங்கே போகிறாள்?" என்று கேட்டார் என் கணவர்.

"சும்மா போகிறார்" என்றேன்.

நெடுநேரம் கழித்து, எதிர்க்காற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தபடி திரும்பி வந்தார் அக்கா. அன்று மாலை மூன்று சைக்கிள்களோடு நாங்கள் மூவரும் குட்டி யானையில் தென்காசிக்குத் திரும்பினோம். அவமானம் என்று யாரும் சொல்லவில்லை.

சகோதரிகளே, நீங்களும் ஒரு தடவை இப்படிப் போய் வாருங்கள். தூரத்தைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள். புறப்படுவதற்கு முன், யார் சைக்கிளில் சாமான் ஏறியிருக்கிறது என்பதையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.