டியூ இல்லாத வண்டி

ஆகஸ்ட் 27, 2025, புதன்

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி இன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான் போகிறது. வேலம்பாளையத்தில் நாங்கள் வைத்திருப்பது சின்னதாக ஒரு பவர் டேபிள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடம் கட்டிங் பீஸ் எடுத்து வந்து தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். அங்கே கன்டெய்னர் நின்றால் இங்கே ஓவர்லாக் நிற்கும்.

விநாயகர் சதுர்த்தி விடுமுறை. கொழுக்கட்டை சாப்பிட்ட கையோடு மாதச் செலவுகளை எழுதிப் பார்த்தேன். கட்டட வாடகை, கரண்ட் பில், டெய்லர்களின் வாரச் சம்பளம், நூல், ஊசி. எல்லா வரியிலும் ஒரு தொகை தவறாமல் நிற்கிறது. ‘கார்’ என்ற வரியில் மட்டும் பெட்ரோல் தவிர வேறெதுவும் இல்லை. 2003 மாடல் மாருதி 800. நான் மூன்றாவது ஓனர். பீஸ் பண்டல், லேபிள் பெட்டி, சாம்பிள், டெலிவரி சலான் எல்லாம் அதன் பின் சீட்டில்தான் ஊர் சுற்றுகின்றன.

செப்டம்பர் 9, செவ்வாய்

புஷ்பா ஜங்ஷன் நெரிசலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, ஆறவிட்டு, மெல்ல ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தேன். ரேடியேட்டர் ஃபேனைச் சுழல வைக்கும் தெர்மோ ஸ்விட்ச் போயிருந்தது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் மெக்கானிக் தம்பி ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டியபோது உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை.

“முன்னாடி வெச்சிருந்தவங்க போர் தண்ணி ஊத்தியே ஓட்டியிருக்காங்கண்ணா. நம்மூர்த் தண்ணி வண்டிக்கு ஆகாதுங்க.”

அவன் சொன்னதில் ஊரின் வரலாறே இருக்கிறது. சாய ஆலைக் கழிவில் வந்த உப்பு ஆண்டுக்கணக்கில் நொய்யலிலும் நிலத்தடியிலும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்த பிறகே சாயத்தொழில் மீண்டும் நிமிர்ந்தது. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? இங்கே பழைய கார் வாங்குகிறவர் மீட்டரில் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். வண்டி கழுவுவதற்கும் போர் தண்ணீர் வேண்டாம். அடித்தகரம் சீக்கிரம் அரித்துவிடும். இனி ரேடியேட்டருக்குக் கூலன்ட் மட்டும்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று முதல் ஜிஎஸ்டி குறைப்பு. நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆகிவிட்டது. ஆல்ட்டோ கே10 ஷோரூம் விலை இப்போது மூன்றே முக்கால் லட்சத்துக்கும் கீழே தொடங்குகிறது.

“புதுசே எடுத்துப்போடலாம்ப்பா” என்கிறான் மகன். மூன்று லட்சம் கடன் என்றால் ஐந்து வருடத்துக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் டியூ. அவன் கணக்கு சரிதான். ஆனால் நாங்கள் தைத்துக் கொடுத்த பீஸுக்குப் பில் தொகை அறுபது நாளிலும் வரும், தொண்ணூறு நாளிலும் வரும். டியூ தேதி அப்படித் தள்ளி நிற்காது. 800-இன் செலவு என் கையில் இருக்கிறது. டோர் லாக், பெயின்ட், சீட் கவர், ஏசி கேஸ் இவையெல்லாம் பில் வரும்வரை பொறுக்கும். பிரேக், டயர், டை ராட், டைமிங் பெல்ட் இந்த நான்கும் ஒரு நாளும் பொறுக்காது. இந்த இரண்டு பட்டியலையும் கலக்காமல் வைத்திருக்கத் தெரிந்தால் பழைய வண்டி மேய்க்கலாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சிங்கர், ஓவர்லாக், ஃப்ளாட்லாக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கடைசியில் காருக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்தினோம்.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்து அனுப்பிய வண்டியின் வம்சம் இது. மூன்று சிலிண்டர், 796 சிசி. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதற்குள் இந்தியச் சாலைகளில் 25 லட்சத்துக்கும் மேல் இறங்கிவிட்டன. அதே 796 சிசி அளவு இஞ்சினோடு ஆம்னி 2019 வரையும், ஆல்ட்டோ 800 அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வந்தன. அதனால்தான் இன்றைக்கும் கிளட்ச் பிளேட்டோ வாட்டர் பம்ப்போ கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்து வைக்கிறார். பழைய கார் வாங்கும்போது விலையைவிட இது முக்கியம். அழகான வண்டி மலிவாகக் கிடைக்கும். அதன் ஹெட்லைட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்ஷூரன்ஸ் புதுப்பித்தேன். 1000 சிசி வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2,094 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்த வயது வண்டிக்கு அதுவே போதும்.

ஆர்சி கணக்கு வேறு மாதிரி. பதினைந்து வருடம் முடிந்ததும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2018-இல் அந்தக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. இருபது வருடம் தாண்டிய காருக்கு இந்த ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. 2028-இல் என் முறை வரும். பழையதை ஒழிக்கச் சட்டம் தேவையில்லை, கட்டணமே போதும் என்று நினைக்கிறார்கள்.

பங்கில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. கணக்குப்படி லிட்டருக்கு ஏழு சதவீதம் போல் குறைகிறது. 2003-இல் செய்த ரப்பர் ஓஸ்கள் இந்தக் கலவைக்காகச் செய்தவை அல்ல. பெட்ரோல் ஓஸ்களை மாற்றியாயிற்று. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது கசிவு பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி போனஸ் கொடுத்து முடித்தாயிற்று. ஒரு பில் இன்னும் வரவில்லை. கார் டியூ என்று ஒன்று இருந்திருந்தால் இந்த மாதம் யாரோ ஒரு டெய்லரின் போனஸில்தான் கை வைத்திருப்பேன்.

இதனால் பழைய காருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. இந்த ஆண்டு வரும் ஆல்ட்டோ கே10-இல் ஆறு ஏர்பேக். ஆகவே அவினாசி, செங்கப்பள்ளி பைபாஸில் லாரிகளுக்கு நடுவே குடும்பத்தோடு இந்த வண்டி ஏறாது. சேலத்தில் கல்யாணம் என்றால் ரயில். காதர்பேட்டை, காங்கேயம் ரோடு, மங்கலம் ரோடு என்று முப்பது நாற்பது வேகத்தில் ஓடுவதற்கு மட்டும் இது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டிக்குக் கொடுக்கும் விலையில் பாதியை முதல் வருட ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அது முடியாதென்றால், எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் கார் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.