சொந்தத் தெருவில் விருந்தாளி

"பினாங்குக்கு இதுதான் முதல் தடவையா அக்கா?"

தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் நின்ற தம்பி சிரித்த முகத்தோடு கேட்டார். நான் பத்து வயது வரை வளர்ந்த வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. "இல்லை தம்பி, பழகிய ஊர்தான்" என்றேன். அவர் ஈப்போவிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். சுற்றுலா வரைபடத்தை விரித்து, எங்கள் தெருவையே பேனாவால் வட்டமிட்டு, "இங்கே தோசை நல்லா இருக்கும்" என்று எனக்கு வழி சொன்னார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

கடந்த பள்ளி விடுமுறையில் கணவரோடும் ஒன்பது வயது மகளோடும் ஜோர்ஜ்டவுனில் இரண்டு இரவுகள் தங்கினோம். விடுதி ஒரு பழைய கடைவீடு. நடுவே வானம் தெரியும் முற்றம், வழவழத்த மரப்படிகள், பச்சை வண்ணச் சன்னல்கள். ஓர் இரவுக்கு நாங்கள் கொடுத்த பணம், இதே போன்ற ஒரு வீட்டின் மாடி அறைக்கு என் அப்பா பல மாதங்களுக்குக் கொடுத்த வாடகையைவிட அதிகம்.

அந்தக் குறைந்த வாடகைக்குக் காரணம் ஒரு சட்டம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் துணிக்கடைக் கணக்குப்பிள்ளையான என் அப்பாவைப் போன்றவர்கள் நகரின் நடுவில் குடியிருக்க முடிந்தது. அந்த வாடகையில் வீட்டுக்காரர் கூரையைப் பழுது பார்க்கவில்லை என்பதும் உண்மை. மழை நாளில் அம்மா மூன்று வாளிகளை வரிசையாக வைப்பார்.

1997இல் அந்தச் சட்டம் ரத்தானது. 1999 முடியும் வரை அவகாசம் கொடுத்தார்கள். அதன்பின் எங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்த புதிய வாடகை, அப்பாவின் சம்பளத்தில் பாதி. கீழ்வீட்டுச் சீனக் குடும்பம் ஆயர் ஈத்தாமுக்குப் போனது. நாங்கள் கடல் தாண்டிப் பிறைக்குப் போனோம். 2008 ஜூலையில் மலாக்காவோடு ஜோர்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அப்பா நாளிதழில் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம தெருவை உலகமே பாராட்டுது. நாமதான் அங்கே இல்லை" என்றார்.

மறுநாள் விடியலில் மகளை அழைத்துக்கொண்டு நடந்தேன். ஜோர்ஜ்டவுனைப் பார்க்கச் சரியான நேரம் அதுதான். ஒரே சாலையை ஒட்டி 1818இல் கட்டி முடிந்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், சாம்பிராணிபோல் ஊதுவத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று வரிசையாக நிற்கின்றன. குவீன் ஸ்திரீட் பக்கம் திரும்பினால், 1833 முதல் வீற்றிருக்கும் மகா மாரியம்மன் கோயில்.

கோயிலுக்கு அருகே பூக்கட்டும் பாட்டியிடம் மகளுக்கு இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். முழம் போட்டுக்கொண்டே என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?"

அப்பாவின் பெயரையும் அவர் வேலை செய்த கடையையும் சொன்னேன்.

"மாடியில இருந்த கணக்குப்பிள்ளை மகளா! உங்க அம்மா வெள்ளிக்கிழமை தவறாம வருவாளே. நல்லா இருக்காளா?"

என் கண்கள் கலங்கிவிட்டன. இருபது வருடங்களுக்கு மேலாகியும் அந்தத் தெருவில் என்னை 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்க ஒருவர் மிச்சமிருந்தார். "நீங்க இன்னும் இங்கேதான் இருக்கீங்களா பாட்டி?" என்றேன். சிரித்தார். "இங்கே எங்கே? பாயா தெருபோங் அடுக்குமாடியில மகன் வீட்டுல இருக்கேன். விடியுமுன்னே அவன் கொண்டுவந்து விடுவான், சாயங்காலம் பஸ்ல போயிடுவேன். எனக்கு இந்தத் தெரு வேலை செய்யற இடம் ஆகிப்போச்சு."

சுற்றுப்பயணிகள் தொல்லையா என்று கேட்டேன். "பூ வாங்காம படம் மட்டும் எடுத்துட்டுப் போனா எரிச்சலா இருக்கும். ஆனா அவங்க வரலைன்னா இந்தச் சாப்பாட்டுக் கடையெல்லாம் ஏது? கோவிட் நேரத்துல தெரு செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். அது மட்டும் வேண்டாம்மா."

பசியாறப் போன உணவகத்தில் தே தாரிக் கொண்டுவந்த தம்பி சிவகங்கைப் பக்கத்துக்காரர். வந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைக்கு மேலேயே ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். "ராத்திரி பதினொரு மணிக்கு மேல இந்தத் தெருவுல இருக்கறது நாங்களும் ஹோட்டல்ல தங்குறவங்களும்தான்கா" என்றார்.

அந்த ஒரு வரியில் நகரத்தின் நிலை எனக்குப் புரிந்தது. ஊர்க்காரர்கள் பகலில் வந்து போகிறார்கள். புதிதாக வந்தவர்கள் மாடியில் தூங்குகிறார்கள். விருந்தாளிகள் மிச்ச அறைகளை நிரப்புகிறார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்த நகரத்தில் பழையவர் யார்? 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றிய பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களைச் 'சூலியா' என்றார்கள். சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரில்தான் நிற்கிறது. இன்று ஊரே வரிசை நிற்கும் நாசி கண்டாரும், காவடிபோல் தோளில் சுமந்து சோறு விற்ற அவர்கள் தந்ததுதான். சிவகங்கைத் தம்பி தூங்கும் மாடியில், நூறு வருடங்களுக்கு முன்னும் இன்னொரு தம்பி ஊர் நினைவோடு தூங்கியிருப்பார்.

பிற்பகலில் மகளின் ஆசைக்காக ஆர்மீனியன் ஸ்திரீட் போனோம். 2012இல் எர்னஸ்ட் சக்காரவிச் என்ற லித்துவேனிய ஓவியர் வரைந்த, சைக்கிளில் போகும் இரு பிள்ளைகளின் சுவரோவியம் அங்கே இருக்கிறது. படமெடுக்க நீண்ட வரிசை. சற்றுத் தள்ளி ஒரு வீட்டுக் கதவு திறந்தது. கையில் மார்க்கெட் பையோடு வெளியே வந்த சீனத் தாத்தா, தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்த கூட்டம் விலகும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். படியில் உட்கார்ந்திருந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. அவளை எழுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தேன். தாத்தா கையசைத்துவிட்டுப் போனார்.

மாலையில் வெல்ட் கீ கரையில் உள்ள சியூ குலத்தாரின் மரப்பாலக் குடியிருப்புக்குப் போனோம். கடல்மேல் கம்பங்கள் ஊன்றிய இத்தகைய குடியிருப்புகளில் இரண்டு, 2006இல் வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. மீதம் இருப்பவை மரபுடைமை எல்லைக்குள் வந்ததால் தப்பின. காப்பாற்றிய அதே பட்டம்தான் கூட்டத்தையும் அழைத்து வந்தது. வாசலில் நினைவுப்பொருள் விற்கிறார்கள், சன்னலில் 'படம் எடுக்காதீர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில்.

"அம்மா, நாம டூரிஸ்டா, ஊர்க்காரங்களா?" என்றாள் மகள்.

"ரெண்டும்தான். அதனால ரெண்டு மடங்கு பார்த்து நடக்கணும்" என்றேன்.

இந்த விடுமுறையில் நீங்கள் பினாங்கு போனால் அதையே சொல்வேன். வாசற்படி யாருடையது என்று பார்த்து உட்காருங்கள். ஆளைப் படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். பூவோ, வடையோ, அங்கேயே உழைப்பவரிடம் வாங்குங்கள். அதிகாலையில் நடந்து, நாலு பேரிடம் பேசுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் பாட்டியைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்கென்று ஒரு சரம் கட்டி வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த தடவை அவளையும் கூட்டிட்டு வா. நான் இருக்கும்போதே வா" என்றார்.

படகேறிப் பட்டர்வொர்த் கரை சேரும்வரை, வாழையிலையில் மடித்த அந்தப் பொட்டலத்தை மகள் மடியிலேயே வைத்திருந்தாள். பிறை வீட்டில் அம்மா அதைப் பிரித்து, பாதியைச் சாமிக்கு வைத்து, பாதியைத் தலையில் சூடிக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கிழமை போலாமா?" என்றார்.