டேலி ஆகாத மேகம்

நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி தொடும். அந்த ஊரில் இருந்துகொண்டு மைனஸ் 200-ஐ 'சூடு' என்று எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள் :-)

நம் பால்வெளியின் நடுவில், சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, வாயு மேகங்கள் மண்டிக் கிடக்கின்றன. நம் பக்கத்து மேகங்கள் மைனஸ் 260 வாக்கில் குளிர்ந்திருக்கும். அங்கே வாயு மைனஸ் 210 முதல் 170 வரை. சில இடங்களில் இன்னும் சூடு. இதற்குத் தெர்மாமீட்டர் அம்மோனியா. 1968-ல் சார்லஸ் டவுன்ஸ் குழு அந்தத் திசையில் அதைக் கண்டுபிடித்தது. அதன் ரேடியோ அலைவரிசைகளில் எது எவ்வளவு பலமாக வருகிறது என்று ஒப்பிட்டால் வெப்பநிலை கிடைத்துவிடும்.

காமர்ஸ்காரனை இழுத்த விஷயம் இனிமேல்தான். அதே மேகத்துத் தூசு மைனஸ் 250-ல் நிற்கிறது! நட்சத்திர ஒளி சுட்டிருந்தால் தூசும் சூடாகியிருக்கும். ஒரே அக்கவுண்ட், இரண்டு பேலன்ஸ். அப்படியானால் வரவு வேறெங்கிருந்தோ. வாயுவே மோதிக் கொந்தளிப்பதுதான் பெரிய வரவு என்கிறார்கள் பலர். காஸ்மிக் கதிர்களின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம்.

'செங்கல்' என்று ஒரு மேகம். ஒரு லட்சம் சூரியன் அளவு சரக்கு இருந்தும் நட்சத்திரம் பிறப்பது அபூர்வம். அந்த வட்டாரம் முழுக்கவே, இருக்கிற சரக்குக்குப் பத்தில் ஒரு பங்குதான் பிறக்கிறது. ஓயாத கொந்தளிப்பு வாயுவை ஒடுங்க விடுவதில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

"ஆட்டிக்கிட்டே இருந்தா அது எப்பப்பா ஸ்டார் ஆகும்?" என்றாள் மகள். என் ட்ரான்ஸ்ஃபர்களில் மூன்று பள்ளி மாறியவள். மேகத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டாளா, தெரியவில்லை.

அதே வட்டாரத்தில், அதே கொந்தளிப்பில், சாஜிட்டேரியஸ் பி2 என்ற மேகத்தில் நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறந்துகொண்டிருப்பதைச் சொன்னேன்.