பட்டுத் தொப்பியும் துடைப்பமும்

விக்டோரியா ராணி காலத்து லண்டன் கனவான்களின் படங்களைப் பார்த்தால் என் கண் பூட்ஸின்மேல்தான் போய் நிற்கிறது. பட்டுத் தொப்பி, முழங்கால்வரை கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு, எல்லாம் சரி. குதிரை லத்தி மழையில் கரைந்து சேறாய்க் கிடந்த வீதியில் பூட்ஸ் மட்டும் எப்படிப் பளபளத்தது?

வீதி முனைகளில் துடைப்பத்துடன் பையன்கள் நின்றார்கள். கனவான் எதிர்ச்சாரிக்குப் போக வழி பெருக்கிவிட்டார்கள். கூலி கிடையாது, மனமிருந்தால் ஒரு பென்னி.

டிக்கன்ஸ், 1852-ல் தொடங்கிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் அப்படி ஒரு பையனைச் சாகவிட்டு நம்மை அழவைத்தார். அவர்களை நேரில் கண்டு பேசிய பத்திரிகைக்காரர் ஹென்றி மேஹ்யூ எழுதிவைத்த பையன்களோ கண்ணீருக்கு இடம் கொடுப்பதில்லை. மழை வந்தால் கொண்டாட்டம். பெருக்கச் சேறு கிடைக்குமே! சேறில்லாத நாளில் கனவான்கள் முன்னால் குட்டிக்கரணம் போட்டுக் காசு கேட்டார்கள்.