நந்திதுர்க்கில் ஒரு சனிக்கிழமை மாலை

பெங்களூரிலிருந்து வரும் ரயில் பங்காருப்பேட்டையில் கிளைப் பாதைக்குத் திரும்பி, கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்னும் சிறு நிலையங்களைத் தொட்டுக்கொண்டு தங்கவயலுக்குள் செல்கிறது. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை உரிகத்தில் இறங்கி, நந்திதுர்க்கில் வசிக்கும் என் பெரியப்பாவைக் காணச் சென்றேன்.

வழியில் சாம்பல் நிற மேடுகள் எழுந்து நிற்கின்றன. பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. சயனைடு மேடு என்கிறார்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்து குடியேறின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியிழுத்து இவ்வயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரம் 1905-இல்தான் மின்விளக்கைக் கண்டது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இன்று பிள்ளைகளில் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். சிலர் கடல் கடந்து போய்விட்டார்கள். பெரியப்பாவின் மகன் துபாயில் இருக்கிறான்.

பெரியப்பா 1968-இல் சுரங்கத்தில் சேர்ந்தவர். வாலிப நாட்களில் வாரம் தவறாமல் ராபர்ட்சன்பேட்டைக்கு இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போவாராம். “எட்டு மணி நேரம் பூமிக்கடியில் இருட்டிலே கிடந்துவிட்டு, காசு கொடுத்து இன்னொரு இருட்டுக்குள் போகிறாயே என்று அம்மா ஏசுவார்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

“பின் எப்படி விட்டீர்கள், பெரியப்பா?”

“இரட்சிக்கப்பட்டபின் படத்தை விட்டது கஷ்டமாயில்லை, தம்பி. கூட வந்த நாலு பேரை விட்டதுதான் கஷ்டம். சனிக்கிழமை இரவு வந்தால் வீடு என்னைத் தின்றது. அப்போது சபையிலிருந்து ஒரு மூப்பர், தாமும் என்னைப்போல் சுரங்கத்தில் உழைத்தவர், ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து திண்ணையில் உட்காருவார். பிரசங்கம் செய்யமாட்டார். டீ குடிப்பார், பேசுவார், ஜெபித்துவிட்டுப் போவார். அவர் வராதிருந்தால் நான் மறுபடியும் கொட்டகைக்கே போயிருப்பேன்.”

மாலையில் தொலைபேசி ஒலித்தது. துபாயிலிருந்து மகன். ஓர் அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கிறான். விடுமுறை தோறும் தமிழ்ப் படத்திற்குப் போகிறான் என்பது வீட்டாருக்குத் தெரியும். 2024-இல் இவ்வயலின் ஆதித் தொழிலாளரைப் பற்றிய ‘தங்கலான்’ வெளிவந்தபோது, அதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் அழைத்து அழுதானாம். கதைக்காக அல்ல, ஊரின் பேரைத் திரையில் கேட்டதற்காக.

பெரியப்பா அவனைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: “யாரோடு போகிறாய்?”

“தனியாகத்தான், அப்பா.”

பேசி முடித்தபின் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு சொன்னார்: “அங்கே நம் சபையார் ஒருவரிடம் இவனைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு மாதமாகிறது. ஆராதனைக்கு வரச் சொல்லித் தகவல் அனுப்புகிறாராம். அறைக்கு இன்னும் போகவில்லை.”

அந்த வார்த்தை அவரைக் குறித்ததாக எனக்குத் தோன்றவில்லை. என்னைக் குறித்தே சொன்னதுபோல் குத்தியது. பெங்களூரில் எங்கள் சபைக்குத் தங்கவயல் வாலிபன் ஒருவன் வருகிறான். அவன் திரையரங்கிலிருந்து வருவதை ஒருமுறை கண்டு, மறுநாளே அழைத்துப் புத்தி சொன்னேன். சனிக்கிழமை இரவில் அவன் எங்கே உண்கிறான், யாரோடு பேசுகிறான் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

பிரியமானவர்களே, அயலூரில் பிழைக்கப் போனவன் மூன்று மணி நேரம் தன் மொழியைக் கேட்பதற்காகவும் சீட்டு வாங்குகிறான். போகாதே என்று சொல்ல நமக்கு நாவு இருக்கிறது. போகாத அந்த மூன்று மணி நேரத்தை அவன் எங்கே கழிப்பான்? அதற்கு நம் வீட்டில் ஒரு நாற்காலி இருக்கவேண்டும்.

திரும்பும் ரயிலில் அந்த வாலிபனை அழைத்தேன். “அண்ணா, ஏதாவது தவறு செய்துவிட்டேனா?” என்றான் பயத்தோடு.

“இல்லை, தம்பி. அடுத்த சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு” என்றேன்.