வயோதிகத்தில் ஒரு நாய்க்குட்டி

பக்கத்து லைன் பிள்ளைகள் நேற்று ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, "தாத்தா, நீங்களே வெச்சிக்கோங்க" என்று விட்டுப்போனதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

2001 பிப்ரவரியில் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், இந்த மாரிகுப்பத்து இளையோர் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் சென்று இரவில் திரும்புவதே நித்திய வழக்கமாகிவிட்டபடியால், பகலெல்லாம் இந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே; அத்தனிமையில் வாலாட்டி வரவேற்கும் ஒரு ஜீவன் எத்தகைய ஆறுதல் என்பதை, சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் மூச்சிரைக்கும் என் சிநேகிதர் தம் கிழநாயோடு மணிக்கணக்கில் பேசியிருப்பதைக் கண்டு நான் நன்கறிவேன்.

ஆயினும், நாய்க்கு ஆயுள் 12, 15 வருஷம்.

எழுபதை நெருங்கும் நான், அது தள்ளாடும் காலத்தில் சோறிடவும், வருஷந்தோறும் ரேபிஸ் தடுப்பூசிக்கு அழைத்துச்செல்லவும் இருப்பேனா என்ற வினாவை, என் ஆசையின் பொருட்டு ஒதுக்கிவிடுவது தர்மமாகாது.

ஆகவே குட்டியை எதிர்வீட்டு இளந்தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டு, நெடுநாளாக என் வாசலிலேயே கிடக்கும் வயதான கறுப்பு நாய்க்கு வீட்டினுள் இடமளிப்பதென்று நிச்சயித்துவிட்டேன். அதன் சேஷ ஆயுளுக்கு நான் போதும்.

என் வயதொத்த நண்பர்களே, பிராணி வளர்ப்பதாயின், உங்களுக்குப் பின் அதைப் பராமரிப்பவர் யாரென்று இன்றே கேட்டு, அவர் வாயாலேயே சம்மதம் பெற்றுவிடுங்கள்.

உங்களில் யார் அப்படிக் கேட்டு வைத்திருக்கிறீர்கள்?