நலிந்தவனுக்குக் காலம் கொடுங்கள்

குடும்பமோ நிறுவனமோ, செலவைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தால் கை முதலில் நீள்வது நலிந்தவன் பக்கம்தான். அவன் பெயரை அடித்துவிட்டால் மற்றவர்கள் செழிப்பார்கள் என்று கணக்கும் சொல்லும். என் வயதுக்கு அப்படிப்பட்ட முடிவுகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அடிக்க எடுத்த கையைக் கீழே இறக்கியதால் நன்மை விளைந்த ஒரு கதையை இளையவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அது அயர்லாந்தின் ரக்பி அணி ஒன்றின் கதை.

அயர்லாந்து ரக்பிக்கு நான்கு மாகாண அணிகள். டப்ளின் நகரை வைத்திருக்கும் லென்ஸ்டர், கார்க், லிமெரிக் நகரங்களின் மன்ஸ்டர், பெல்ஃபாஸ்ட்டின் அல்ஸ்டர். நான்காவது, மேற்குக் கடலோரத்துக் கானாக்ட். நான்கில் மக்கள் தொகை குறைந்தது அதுதான். பிழைப்புத் தேடி வெளியேறியவர்கள் மிகுந்த மண் அது. கால்வே நகரில் உள்ள அதன் ஆடுகளத்தைச் சுற்றி நாய்ப் பந்தயத் தடம் ஓடும். அட்லாண்டிக் கடலின் காற்றும் மழையும் ஆட்டத்துக்கு நடுவே புகுந்து விளையாடும். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டிக்கு அண்ணன்மாரின் பழைய சட்டை வருவதுபோல, மற்ற மூன்று அணிகளில் இடம் கிடைக்காத வீரர்கள்தான் பெரும்பாலும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

1995-ல் ரக்பி சம்பள ஆட்டமாக மாறியது. 2001-ல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் அணிகள் சேர்ந்து ஆடும் செல்டிக் லீக் தொடங்கியது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய அயர்லாந்து ரக்பி சங்கத்துக்குப் பணமுடை வந்தது. 2003-ன் தொடக்கத்தில் கானாக்டின் தொழில்முறை அணியை மூடிவிடும் யோசனை எழுந்தது. மேற்கு மாகாண மக்கள் சும்மா இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் டப்ளினுக்கு வந்து, சங்கத்தின் தலைமையகம் நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். யோசனை கைவிடப்பட்டது.

பிழைத்த உடனே அணி ஜெயித்துவிடவில்லை. இதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். பல பருவங்கள் லீக் பட்டியலின் அடியிலேயே அது கிடந்தது. 2011-12 பருவத்தில்தான் முதன்முறையாக ஐரோப்பாவின் தலையாய ஹைனெக்கன் கோப்பையில் ஆட வாய்ப்பு வந்தது. அந்தப் பருவத்தில் தொடர்ந்து பதினான்கு ஆட்டங்களில் தோற்றது. பிறகு 2012 ஜனவரியில் கால்வேயில், இங்கிலாந்தின் ஹார்லெக்வின்ஸ் அணியை 9-8 என்று வென்றது. அத்தனை தோல்விக்குப் பிறகு கிடைத்த அந்த ஒற்றைப் புள்ளி வெற்றியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2013-ல் பாட் லாம் பயிற்சியாளராக வந்தார். நியூசிலாந்தில் பிறந்த சமோவா வம்சத்தவர். பெரிய அணிகளோடு உடல் பலத்தில் மோதி மட்டும் வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முட்டித் தள்ளுவதே வேலை என்றிருந்த முன்வரிசை ஆட்களுக்கும் பந்தை வாங்கி நொடியில் அடுத்தவனுக்குக் கடத்தும் கைத்திறனைப் பழக்கினார். 2015 நவம்பரில் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில், உறைபனிக் குளிரில் ஓர் ஆட்டத்தை வென்றார்கள். விமானம் பழுதாகி ஊர் திரும்புவதே பெரும்பாடானது. அதே மாதத்தில் மன்ஸ்டரை அதன் சொந்தக் களத்தில் தோற்கடித்தார்கள். அங்கே அதற்குமுன் கானாக்ட் வென்றது 1986-ல்.

2016 மே 28 அன்று எடின்பரோவில் லீக்கின் இறுதி ஆட்டம். எதிரே டப்ளினின் லென்ஸ்டர். 20-10 என்று கானாக்ட் வென்றது. 1885-ல் தொடங்கிய கானாக்ட் மாகாண ரக்பிக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. அதை ஏந்திய தலைவர் ஜான் மல்டூன், கால்வே மாவட்டத்துப் பிள்ளை. மூடப்பட இருந்த அதே 2003-ல்தான் அவர் அந்த அணிக்கு ஆடத் தொடங்கினார். வேறிடம் போகாமல் 327 ஆட்டங்கள் ஆடி 2018-ல் விடைபெற்றார்.

அந்த 2016 நவம்பரிலேயே சிகாகோவில் அயர்லாந்து நியூசிலாந்தை வரலாற்றில் முதல்முறையாக வென்றது. கடைசி ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றிப் பெறும் புள்ளிகள்) எடுத்தவர் ராபி ஹென்ஷா. கானாக்ட் அணியில் வளர்ந்து, சில மாதங்களுக்கு முன்புதான் லென்ஸ்டருக்கு மாறியவர். 2003-ல் செலவு என்று எழுதப்பட்டது, நாட்டின் வரவாகத் திரும்பி வந்தது. அதன்பின் கானாக்ட் மறுபடி பட்டம் வெல்லவில்லை. அதனால் இந்தக் கதையின் மதிப்பு குறையவும் இல்லை.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: நலிந்தவனின் கணக்கை ஓர் ஆண்டு ஏட்டை வைத்து முடிக்காதீர்கள். கானாக்டுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. நலிந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: உங்களுக்காக யாரோ வீதியில் நடந்து வாங்கித் தந்த அவகாசம் இது. பெரியவர்களைப் பார்த்து அப்படியே ஆடாதீர்கள்; உங்களுக்கென்று ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். காலம் கொடுப்பது ஒருவர் கடமை, அதை வீணாக்காமல் இருப்பது மற்றவர் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் வீடும் ஊரும் நிமிரும்.